கடிதத்தின் கடைசியில் ஆர்மோனியம்

அக்காளின் மாமனார், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பேசத் தொடங்கினால் மூன்றாவது வாக்கியத்தில் பாகவதர் வந்துவிடுவார். மழை பெய்தால், பாகவதர் ஒழுகும் கொட்டகையில் பாடிய கதை. மரச்சீனிக் கிழங்கு வேகவில்லை என்றால், பாகவதர் வேகாத மரச்சீனியைத் தின்றுவிட்டு நான்கு மணி நேரம் பாடிய கதை. நெய்யாற்றின்கரையில் பாகவதர் நடித்த நாடகக் கம்பெனி கொட்டகை போட்டபோது மாமா இளவட்டமாம். ஆர்மோனியக்காரருக்குக் காய்ச்சல் வர, இவரைப் பிடித்து உட்கார வைத்தார்களாம். அப்படியே ஒன்றரை வருஷம் கம்பெனியோடு சுற்றியதில், பட்டணத்தில் பாகவதர் ஒரு கிராமபோன் பிளேட்டுக்குப் பாடியபோது பின்னால் வாசித்தது தான்தான் என்பார். பிளேட்டின் நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில் பாகவதர் பெயர் இருந்தது. ‘ஆர்மோனியத்துடன்’ என்றும் இருந்தது. யாருடைய ஆர்மோனியம் என்று இல்லை.

ஊரில் ஒருவரும் இதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஆனால் அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைத்துக்கொண்டிருந்தது. நம்பாததை வெளியே சொல்லவில்லை.

நான் அப்போது ஓரிடத்தில் நிலைக்காதவன். ஐந்தாம் வகுப்பு வரை பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் படித்து, இரண்டிலும் முழுதாகத் தோற்றவன். கள்ளிக்காட்டில் ரப்பர் வெட்டினேன். கை புண்ணானதும் பொழியூருக்குப் போய்க் கரைவலை இழுத்தேன். கடல் கரையைத் தின்ற மாதங்களில் பாறசாலையில் ஒரு மைக் செட்டுக் கடையில் குழாய்களைத் தென்னையில் ஏற்றிக் கட்டினேன். எங்கும் வேலை இல்லாதபோது கொல்லயிலில் அக்கா வீடு.

அந்தக் குடிசை நின்றது மேலவீட்டுக்காரரின் தோப்பில். ஊரில் கிராமபோன் வைத்திருந்தவரும் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாகவதர் பிளேட்டை வைப்பார். மாமா முற்றத்தில் நின்று கேட்பார். பாட்டு முடிந்ததும், ஊசி தேயக்கூடாது என்று மேலவீட்டுக்காரர் அதைத் தூக்கிவிடுவார். அதற்கப்புறம்தான் தன்னுடைய வாசிப்பு தனியாக வருகிறது, கொஞ்சம் விடுங்கள் என்று மாமா கேட்பார். அதைக் கேட்க யாரப்பா பிளேட் வாங்குகிறான் என்று அவர் சிரிப்பார். இருபது வருஷம் இந்த ஒரே வழக்குதான் அவர்களுக்குள்.

பிறகு சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருக்கும் குடிகிடப்புக்காரனுக்குப் பத்து சென்ட் நிலம் சொந்தம் என்றார்கள். மாமா மனு கொடுத்தார். அன்றோடு மேலவீட்டுக்காரர் பேச்சை நிறுத்தினார். நடுவில் வேலி வந்தது. பாட்டுப்பெட்டி உள்ளறைக்குப் போனது. சட்டத்தில் நிலத்தைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தார்கள், பிளேட்டைப் பற்றி ஒரு வரி இல்லை என்று மாமாவுக்கு வருத்தம்.

அத்தான் கல்ஃபுக்குக் கம்பி கட்டப் போனது அதற்கடுத்த வருஷம். அங்கிருந்து ஒரு டேப்ரிக்கார்டர் வந்தது. அத்துடன் எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருந்த வழக்கம் அக்கா வீட்டுக்கும் வந்தது. கடிதம் எழுதுவதில்லை. கேசட்டில் பேசி, அங்கே போகிறவர் கையில் கொடுத்துவிடுவது. அத்தான் அதைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே தன் பதிலைப் பேசி, வருகிறவர் கையில் அனுப்புவார். நாங்கள் கேட்டுவிட்டு அதன் மேல் மறுபடியும் பேசுவோம். அழிப்பதற்காகவே வருகிற பொருள் அது. ஒரு கேசட் பத்துத் தடவை கடலைத் தாண்டியிருக்கும். கூர்ந்து கேட்டால் இந்த மாதத்துப் பேச்சுக்கு அடியில் போன மாதத்து ஆடு கத்துவதுகூடக் கேட்கும்.

நான் பொழியூரில் இருந்த சமயம் அத்தான் வேறொரு கேசட்டை அனுப்பியிருந்தார். அவருடன் தங்கியிருந்த ஒருவரிடம் பழைய பிளேட்டுகளிலிருந்து பிடித்த பாகவதர் பாட்டுகள் இருந்தனவாம். அதைப் பிரதி எடுத்து, யாரும் மேலே பேசிவிடக்கூடாது என்று கேசட்டின் மூலையிலிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்து அனுப்பினார். துண்டு இல்லையென்றால் பதிவுக்கட்டை அமுங்காது. கடைசிப் பாட்டு, மாமா தான் வாசித்ததாகச் சொல்லும் அந்தப் பாட்டு. ஆனால் இங்கேயும் அவருக்கு விதி அதேதான். பாகவதர் வாயை மூடியதும் பேட்டரிக் கட்டை தீர்ந்துவிடும் என்று அக்கா பட்டென்று நிறுத்திவிடுவாள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் திரும்பி வந்த அன்று வீட்டில் ஒரே அமளி. நிலத்துக்கான பட்டயம் கைக்கு வந்திருந்தது. மாமா அதை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பாறசாலைச் சந்தைவரை கண்டவரிடமெல்லாம் காட்டப் போயிருந்தார். மறுநாள் காலை விமானம் ஏறவேண்டிய அடுத்த தெருக்காரர், கேசட் எங்கே என்று வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அடுக்களையிலிருந்து, தகரப்பெட்டியில் இருப்பதை எடு என்றாள். தகரப்பெட்டி பரணில் இருந்தது. டேப்ரிக்கார்டருக்குள்ளேயே ஒரு கேசட் கிடந்தது. ஏணி வைத்து ஏற எனக்கு மனமில்லை.

பதிவுக்கட்டை அமுங்கவில்லை. மூலைத்துண்டு உடைந்திருப்பதைப் பார்த்தேன். முழுதாகப் படித்தவன் ஏன் உடைத்திருக்கிறார்கள் என்று யோசித்திருப்பான். நான் மைக் செட்டுக் கடையில் படித்தவன். பீடிக் கட்டின் காகிதத்தை மடித்து ஓட்டையில் திணித்தேன். கட்டை அமுங்கியது. கூடியிருந்தவர்கள் என்னை மெச்சினார்கள். நானும் மெச்சிக்கொண்டேன்.

அக்கா பேசினாள். பட்டயம் வந்ததை, பிலாமரம் வரை நமக்கு, கிணற்றில் பாதி நமக்கு என்று எல்லைகளை, பிள்ளைக்குச் சொறி வந்து போனதை எல்லாம் சொன்னாள். அக்கம்பக்கத்தவர் தங்கள் பங்கைச் சொன்னார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லாததால் அதிக நேரம் எடுத்தது. சுருள் தீரப்போகும் சமயம் அக்கா அழுதுவிட்டாள். நான் நிறுத்தினேன்.

பேசியதை ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புவதும் வழக்கம். போட்டோம். பாதியில் மாமா வந்து சேர்ந்து, தன் பட்டயச் செய்தியைத் தலையாட்டிக் கேட்டார். அக்காளின் குரல் உடைந்து நின்றது. ஒரு ‘டக்’. அதன் பின்னால் தனியாக ஒரு ஆர்மோனியம் புறப்பட்டு வந்தது.

நிறுத்துவதற்காக நான் கட்டைமேல் கை வைத்தேன்.

“எலே, கைய எடு,” என்றார் மாமா.

அரை நிமிஷம் இருக்கும். இழைந்து இறங்கி, கடைசிச் சுரத்தில் நின்றது. கைவிரல் எடுத்த பிறகும் அந்தச் சுரம் அடங்காமல், கொசு மாதிரி ஒரு முனகல் கொஞ்ச தூரம் தொடர்ந்தது. பிறகு சுருள் தீர்ந்தது.

அக்கா, எந்தக் கேசட்டை எடுத்தாய் என்று என்னைக் கேட்டாள். நான் சொன்னேன். ஒரு பக்கத்துப் பாகவதர் முழுவதையும் பட்டயத்தை வைத்து அழித்திருந்தோம். மாமா என்னை ஒருமுறை பார்த்தார். அடி விழும் என்று எதிர்பார்த்தேன், விழுந்திருந்தால் நியாயம். அவர், கம்பெனியிலிருந்து கொண்டுவந்த தன் பழைய ஆர்மோனியத்தைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். ஏணி வைத்து ஏறாமல் தப்பித்தவன், அதற்காக ஏறினேன்.

துருத்தியை எலி தின்றிருந்தது. கிழிசலை என்னை உள்ளங்கையால் பொத்தச் சொல்லிவிட்டு ஒரு கட்டையை அமுக்கினார், விரலை எடுத்தார். அதே முனகல்.

“பாடினவரு போயிட்டாரு மக்கா,” என்றார். “வாசிச்சவன் பாக்கி உண்டு. இப்பமாவது கேட்டியளா?”

கேட்டோம். அத்தனை வருஷம் ஒருவரும் கேட்காத அரை நிமிஷம் மட்டும்தான் மிச்சமிருந்தது. அந்தப் பக்கத்தில் வேறு எதையும் கேட்க வழியில்லை.

அவர் திரும்பவும் அதைப் போடச் சொல்லி, ஒலி வரும் முகத்தை வேலிப் பக்கம் திருப்பி வைத்தார். முடிந்ததும் வேலிக்கு அப்பால் ஒரு இருமல்.

“பிளேட்டுல உள்ள ஆர்மோனியம் அதுதான்,” என்றது மேலவீட்டுக்காரர் குரல். “உமக்கதுன்னு என்ன உறப்பு, என்ன நிச்சயம்?”

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம் அது. அந்த முனகல் தன் பெட்டிக்கே உரியதாக்கும் என்று மாமா பதில் சொன்னார். எல்லாப் பெட்டியும் வயசானால் முனகும், ஆளும் அப்படித்தான் என்றார் அவர். வழக்கு மறுபடியும் தொடங்கிவிட்டது. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தால் யாரும் அதை முடிக்க அவசரப்படுவதாகத் தெரியவில்லை.

விமானக்காரர் கேசட்டைக் கேட்டுக் கை நீட்டினார். பட்டயச் செய்தியை ஒரு தாளில் எழுதி அனுப்பலாம், இது இங்கேயே இருக்கட்டும் என்றாள் அக்கா. மாமா கேசட்டை எடுத்து வேட்டி நுனியால் துடைத்தார்.

“கொண்டு போவட்டும். அவனுக்க வாயால நாலு பேருகிட்ட சொல்லணும்லா, எனக்க அப்பன் வாசிச்சதாக்கும்னு,” என்றார். பிறகு விமானக்காரரிடம் விரலை நீட்டினார். “அவன் பதில் பேசச்சில கடைசியில மட்டும் கை வைக்கப்பிடாது. கேட்டியளா?”

அத்தான் கை வைக்கவில்லை. அந்தக் கேசட் பல வருஷம் போய் வந்தது. அங்கிருந்து அவர் பேசுவார், முடிவில் ஆர்மோனியம். இங்கிருந்து நாங்கள் பேசுவோம், முடிவில் ஆர்மோனியம். அத்தானுடன் தங்கியிருந்தவர்கள், கடிதத்தை வாத்தியத்தோடு முடிப்பது எங்கள் ஊர் முறை என்றே நினைத்திருந்தார்களாம்.

பதிவு நடக்கும்போதெல்லாம் மாமா பக்கத்தில் உட்கார்ந்து சுருளையே பார்த்திருப்பார். எல்லை நெருங்கியதும் கையைத் தூக்குவார். அதற்குமேல் சாவுச் செய்தியானாலும் நிறுத்தியாக வேண்டும். ஒருமுறை அக்கா, இந்த ஓணத்துக்கும் வரவில்லையென்றால் என்று அத்தானிடம் சண்டையைத் தொடங்கி, சூடு பிடிக்கும் நேரத்தில் கை உயர்ந்துவிட்டது. மிச்சச் சண்டைக்கு மூன்று மாதம் காத்திருந்தாள். அங்கே அத்தானுக்கு, ‘வரவில்லையென்றால்’ என்பதற்கு அடுத்து மாமாவின் ஆர்மோனியம் கேட்டிருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று பயந்து, ஓணத்துக்கு நான்கு நாள் முன்பே வந்து இறங்கினார்.