வெறுப்பின்றி, அச்சமின்றி

காலை எட்டு மணி. நீதிமன்றப் படிக்கட்டில் நான் முதலில் பார்த்தது கவிழ்த்து வைத்த ஒரு மீன்கூடை. அதன்மேல் வைத்திக்குப்பத்து மீன்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கூடை உள்ளே வரக்கூடாது என்று காவல்காரர் சொன்னார். "வெறுங் கூடதான்யா. ஒங்க தொரைக்கு வாட அடிச்சா மூக்கப் புடிச்சிக்கச் சொல்லு" என்றாள். முப்பதுகளின் நடுப்பகுதி அது. புதுச்சேரியில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்கு நான் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். கொலைகாரனைப் பார்க்கத் தெரு முழுக்கக் கூட்டம்; நானும் அதற்குத்தான் போயிருந்தேன்.

அவன் உப்பளம் பகுதியில் வாடகை வீட்டில் இருந்தவன். பஞ்சாலையில் வேலை வாங்கித் தருவதாக அழைத்துப்போய் மூன்று பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றான் என்பது குற்றச்சாட்டு. இரண்டு பேரின் உடல்கள் அவன் வீட்டுக் கிணற்றிலேயே கிடைத்தன. மூன்றாமவள் மீன்காரியின் தங்கை. அவள் உடல் உப்பங்கழியில் மிதந்தது. ஆள் தள்ளும் புஸ்புஸ் வண்டியில் தங்கை அவனோடு ஏறிப் போனதைப் பார்த்த ஒரே சாட்சி அக்காள்தான்; வண்டி தள்ளியவன் அகப்படவில்லை. அந்தச் சாட்சி நிற்காவிட்டால், எவனையோ நம்பிக் கெட்டுத் தானே தண்ணீரில் விழுந்தாள் என்று குப்பத்தில் ஏற்கெனவே பேசிக்கொண்ட பேச்சுதான் தங்கைக்கு மிஞ்சும்.

பிரெஞ்சு நீதிமன்றத்தில் சாட்சி வலக்கையை உயர்த்திப் பிரமாணம் செய்ய வேண்டும். "வெறுப்பின்றி, அச்சமின்றிப் பேசுவேன், முழு உண்மையையும் சொல்வேன்" என்று அது தொடங்கும். எல்லை தாண்டிக் கடலூர்க் கோர்ட்டுக்குப் போனால் உண்மையைச் சொல்கிறேன் என்றால் போதும். வெறுப்பைப் பற்றி அங்கே யாரும் கேட்பதில்லை. இங்கே துபாஷி ஒருவர் உண்டு. நீதிபதியின் பிரெஞ்சைத் தமிழாக்கவும் சாட்சிகளின் தமிழைப் பிரெஞ்சாக்கவும் அமர்த்தப்பட்டவர். வெள்ளைக் கோட்டுப் போட்ட வயதான கத்தோலிக்கர். அவர் சொல்லச் சொல்லச் சாட்சிகள் திருப்பிச் சொல்வார்கள். செத்துப்போன இன்னொருத்தியின் தாய், வாசலில் அவனைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றிய அதே கையை உயர்த்தி, வெறுப்பின்றி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மீன்காரியும் கையை உயர்த்தினாள். முதல் சொல்லைக் கேட்டதும் இறக்கிவிட்டாள்.

"வெறுப்பு இல்லன்னு நான் எப்பிடிச் சொல்றது? இவன் மேல வெறுப்பு இல்லன்னா இங்க சுண்டல் விக்கவா வந்தேன்?"

பின்வரிசை சிரித்தது. துபாஷி குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் சொல்றதுதாம்மா. வாய் வார்த்த."

"வாய் வார்த்தன்னா நீயே சொல்லிக்க. கையத் தூக்கிப் பொய்ச் சத்தியம் பண்ணிட்டு, எங்க ஊட்டு ஆம்பளய நாளைக்கு எப்பிடிக் கடலுக்கு அனுப்பறது?"

புருஷன் கட்டுமரத்தில் இருக்கும்போது கரையில் மனைவி பொய்ச் சத்தியம் செய்தால் கடல் அவனைத் திருப்பித் தராது என்பது குப்பத்து நம்பிக்கை. துபாஷி அவள் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னார், சுண்டலைக்கூட விடவில்லை. நீதிபதி சிரிக்காமல் மறுபடி கேட்கச் சொன்னார்.

"பயமில்லாமச் சொல்றேன். உள்ளதச் சொல்றேன். அந்த ஒரு வார்த்தய மட்டும் வுட்டுடுங்க" என்றாள்.

குற்றம் சாட்டப்பட்டவனின் வக்கீல் எழுந்துவிட்டார். பிரமாணத்தில் ஒரு சொல் குறைந்தாலும் விசாரணையே செல்லாது என்றார், சட்டமும் அதுதான். கடைசியில் பிரமாணம் இல்லாமல், வெறும் தகவலாக மட்டும் அவள் பேச்சைக் கேட்பதென்று நீதிபதி முடிவு செய்தார். அவள் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன். தங்கையின் சேலை நிறம், வண்டி தள்ளியவனின் நொண்டல், போகும்போது தங்கை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. எத்தனையோ சாட்சிகளைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாகப் பேசியவர்கள் குறைவு. வக்கீல் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை. "சத்தியம் செய்ய மறுத்த பெண்" என்று மட்டும் நீதிபதியைப் பார்த்து இரண்டு முறை சொன்னார்.

இடைவேளையில் துபாஷியிடம் கேட்டேன்: தமிழில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் மழுப்பியிருக்கக் கூடாதா?

"உள்ளத உள்ளபடி மொழிபெயர்க்கறேன்னு நானும் கையத் தூக்கினவன்தாம்பா" என்றார்.

வெறுப்பு இருப்பவர் உண்மை பேசமாட்டார் என்று முதன்முதலில் எண்ணிய சட்டக்காரர் யாராக இருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன். அவர் யாரை மனத்தில் வைத்து எழுதினார்? கொலையுண்டவளின் அக்காளை நிச்சயமாக இருக்காது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்னவளாக நான் பார்த்தது அவள் ஒருத்தியைத்தான்.

மூன்றாம் நாள் மாலை தீர்ப்பு. இதை அவன் செய்தானா என்று ஒவ்வொரு கொலைக்கும் ஒரு கேள்வி; நீதிமன்றம் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும். அவனுக்கு மரண தண்டனை. எல்லாம் பிரெஞ்சில் நடந்ததால் கூட்டத்துக்குத் தண்டனை மட்டும்தான் புரிந்தது. படிக்கட்டில் மீன்காரி துபாஷியை மறித்தாள்.

"தல போவுதாமே?"

"போவுது."

"எந்தங்கச்சியக் கொன்னதுக்கும் சேத்துத்தானே?"

துபாஷி தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு ஆம் என்று தமிழில் சொன்னார். மூன்றாவதற்கு நீதிமன்றத்தின் பதில், இல்லை.