பால்கனியில் ஒரு பாய்

சவூதியில், ஜித்தாவின் ஷரஃபியா பகுதியில், சீதாராமன் வீட்டுச் சாமி துணி அலமாரிக்குள் குடியிருந்தார். காலிங்பெல் அடித்தால் அலமாரி சாத்தப்படும். பிறர் தயவில் கும்பிடுவதன் கஷ்டம் சீதாராமனுக்குத் தெரியும். பள்ளியில் வரலாறு நடத்துகிறவர் வேறு.

அதே வீட்டில் வேலைக்காரி நாகஜோதியின் டம்ளர் தனியாக இருந்தது. மற்றவற்றோடு கலந்துவிடாதிருக்க அடியில் நகப்பூச்சுப் பொட்டு. காப்பி போடும் கைக்குத் தீட்டில்லை, குடிக்கும் வாய்க்குத்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி, சீதாராமன் எடுத்த விசாவில் வந்தவள். இந்த வீட்டை விட்டால் ஊருக்குத்தான் போகவேண்டும். மகளின் நர்சிங் படிப்போ இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை சீதாராமன் நண்பர்கள் கூட்டத்துக்கான தன் பேச்சை ஒத்திகை பார்த்தார். இடைக்காலத் திருச்சபையும் யூதர்களும் என்பது பொருள். அவர்களைக் கொல்லாதே, கட்டாயமாக மதம் மாற்றாதே என்று போப்புகள் ஆணையிட்டார்கள். ஆனால் தாழ்ந்தே வாழவேண்டும். 1215இல் கூடிய சபை, உடையிலேயே அவர்கள் வேறாகத் தெரியவேண்டும் என்றது. இல்லாவிட்டால் ஜனங்கள் தெரியாமல் கலந்துவிடுவார்களாம். இந்த இடத்தில் சீதாராமனின் குரல் தழுதழுத்தது. காப்பி கேட்டார்.

நாகஜோதி கொடுத்தாள். கழுவும்போதுதான் விளிம்பிலிருந்த நசுங்கலைப் பார்த்தாள்: அவர் குடித்தது அவளுடைய டம்ளரில். தினமும் தேய்த்துக் கழுவியதில் பொட்டு அவள் கையாலேயே அழிந்துபோயிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. மனசு கேட்காமல் எஜமானி ஷியாமளாவிடம் சொல்லிவிட்டாள்.

ஷியாமளா உடனே டிக்கெட் போடச் சொன்னாள். சீதாராமன் சம்மதிக்கவில்லை. ஏழை வயிற்றில் அடிப்பது பாவம், அவளை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்றார், மனதாரத்தான் சொன்னார். பிறகு தீர்ப்பின் மீதிப் பாதியையும் சொன்னார். வேலை உள்ளே, சாப்பாடும் படுக்கையும் இனி பால்கனியில்.

நாகஜோதி பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"சார், அந்த அடையாளம் வேணாமுன்னா அவுக வேற எங்கிட்டாச்சும் போயிருக்கலாமா?"

தன் பேச்சை ஒருத்தி கவனித்துக் கேட்டிருக்கிறாள் என்பதில் அவருக்கு மகிழ்ச்சி.

"எங்கேம்மா போறது? இங்கிலாந்து 1290ல மொத்தப் பேரையும் வெளியேத்திடுத்து. அப்புறம் பிரான்ஸ். போற இடமெல்லாம் அதே கதைதான்."

"அப்ப பொறுத்துக்கிட்டு இருந்திருப்பாக," என்றாள்.

வெளியே போய்ப் பாயை விரித்தாள். ஆகஸ்ட் மாதத் தரை, மாலை ஆறு மணிக்கும் சுட்டது.