சோலைமலைக்குக் கரண்டு புடிச்ச கதை

மறைச்சான், மறைச்சான்னு பீலிக்கரையில தண்ணி புடிக்கப்போற எடத்தில எல்லாம் பேசுறீங்களே, எதை மறைச்சான்? அதை மொதல்ல சொல்லுங்க. நோயை மறைச்சுப் பொண்ணைக் கட்டிக் குடுத்தானாம் சோலைமலை. சம்பந்தி வீட்டுப் பூண்டுலோயாக்காரங்களை ஏமாத்திட்டானாம். இதைச் சொல்லித் திரியிற அழகம்மா இந்த லயத்து வரிசை வீட்டில அவனுக்கு அடுத்த காம்பராக்காரி. அவன் வீட்டுத் தேத்தண்ணி குடிக்காம அவளுக்கு ஒரு நாளும் விடிஞ்சதில்ல. அந்த மனுசன் மறைச்ச அன்னைக்கு அவனுக்கு நோயே கெடையாது. நோய் வராம இருக்கச் செஞ்ச வைத்தியத்தைத்தான் மறைச்சான். மறைச்சதாலதான் நோய் வந்துச்சு. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவங்க கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க.

சோலைமலை பொறக்கும்போதே வெள்ளையாப் பொறந்தவன். தலைமயிரு, புருவம், இமை எல்லாம் பிஞ்சுச் சோளத்து நாரு மாதிரி இருக்கும். வெயில்ல கண்ணைத் தொறக்க மாட்டான். அப்ப தோட்டத்தில வெள்ளைக்காரத் தொரை இருந்த காலம், சனங்க சும்மா இருப்பாங்களா? அவன் ஆத்தாளைப் பங்களாவோட சேத்துப் பேசினாங்க. அந்தம்மா பங்களா வாசலை மிதிச்சதே இல்ல. தொரை பெத்த புள்ளைன்னா நாப்பது வருசமா எதுக்குக் கவ்வாத்துக் கத்தியோட நிக்கிறான்னு ஒருத்தரும் கேக்கல. கவ்வாத்து வெட்டின மலையில தேயிலைச் செடி வெறும் குச்சியாத்தான் நிக்கும். ஒதுங்க ஒரு எலை நெழல் இருக்காது. நம்ம தோலு கறுத்துக்கிட்டுத் தாங்கிரும். அவன் தோலுக்குக் கறுக்கத் தெரியாது. செவக்கும், உரியும், மறுபடி செவக்கும். அப்படியே அறுபது வயசாகி வேலையிலருந்து பேரு வெட்டிட்டாங்க.

பேரு வெட்டின வருசம்தான் நம்ம லயத்துக்குக் கரண்டு வந்துச்சு. குண்டு பல்பு வெளிச்சத்தில அவன் பொஞ்சாதி சண்முகவடிவு அவன் மொகத்தை நல்லாப் பாத்தா. கன்னத்தில, மூக்கில, காது விளிம்பில, கையில எல்லாம் உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு படை. தடவினா விரல்ல குத்துது.

"என்னங்க இது, தேய்ச்சுக் குளிச்சா போகாதா?"

"முப்பது வருசமா ஒங்கூடத்தான் இருக்கேன், இன்னைக்குத்தான் என் மொகம் தெரியுதா?"

சிரிச்சான். ஆனா தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்தையா பாத்துட்டுச் சிரிக்கல. துண்டு எழுதிக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரு. அங்க சிவகௌரின்னு ஒரு யாழ்ப்பாணத்து டாக்டரம்மா. அவங்க அவன் காதைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுச் சொன்னாங்க:

"ஐயா, இது புற்றுநோய் இல்லை, பயப்பிடாதேங்கோ. ஆனா இப்பிடியே விட்டால் ஒரு நாளைக்கு அதுவா மாறும். வெளிச்சத்தாலை எரிச்சு விடுறம். மூண்டு தரம் வரவேணும். முதல் முகம், பிறகு காது, பிறகு கை."

"வெயிலு சுட்டதை வெளிச்சத்தை வச்சா சுடப்போறீங்க?"

"அது கண்ணை மூடிக்கொண்டு சுட்டது. இது பாத்துச் சுடும்."

கண்ணுக்கு மூடி போட்டுப் படுக்க வச்சு மெசினால அடிச்சாங்க. எண்ணெய் தெறிச்ச மாதிரி இருந்துச்சாம், அவ்வளவுதான். மொகமெல்லாம் செவந்து, பொருக்குத் தட்டி, ஹட்டன்ல பஸ்ஸு எறங்கி வந்தான்.

கெட்டது மறுநா காலையில நடந்துச்சு. பீலிக்கரையில அழகம்மா கேட்டா, "அண்ணன் மொகத்தில என்ன வச்சாங்க, மைனி?" வடிவுக்கு லேசருங்கிற பேரு வாயில நொழையல. "என்னமோ மெசினாம், வெளிச்சமாம்" அப்படின்னா. "கொழும்பில கரண்டு புடிக்கிறாங்களே, அந்த மாதிரியா?" "ஆமா, அப்படித்தான் போல" அப்படின்னுட்டுக் கொடத்தைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா.

கரண்டு புடிக்கிறதுன்னா நமக்கெல்லாம் ஒண்ணுதான். புத்துநோய்க்காரங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய் மெசினுக்குள்ள வைக்கிறது. நம்ம தோட்டத்திலருந்து அப்படிப் போன மூணு பேரும் பெட்டியிலதான் வந்தாங்க. அன்னைக்குச் சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற எடத்தில சோலைமலைக்குப் புத்துநோயின்னு பேச்சு. ஒரு வாரத்தில அது பூண்டுலோயாவுக்குப் போயிருச்சு.

அங்கதான் மக சுதர்ஷினிக்கு மாப்பிள்ளை பாத்திருந்தாங்க. நல்ல எடம், பையனுக்கு டவுன் கடையில வேலை, மக தேயிலைக் கூடை தூக்க வேண்டியதில்ல. மாப்பிள்ளையோட மாமன் பொன்னையா ஒரு ஞாயித்துக்கெழமை வந்து ஒக்காந்தாரு. தேத்தண்ணியைக் கையில வாங்கினாரு, குடிக்கல.

"சம்பந்தி, ஒங்களுக்குக் கரண்டு புடிச்சதாக் கேள்விப்பட்டோம். அது வம்சத்தில எறங்கும்னு சொல்றாங்க."

கதவுக்குப் பின்னால மக நிக்கிறா. சோலைமலை மேல தொங்குற பல்பைக் காட்டினான்.

"ஆமாங்க, கரண்டுதான் புடிச்சுச்சு. புதுசா லைன் இழுத்தாங்கல்ல, தெரியாத்தனமா வயரைத் தொட்டுட்டேன். மொகத்தில பொறி அடிச்சிருச்சு."

பொன்னையா தேத்தண்ணி சிந்தச் சிந்தச் சிரிச்சாரு. "இனிமே செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க!" தையில கல்யாணத்துக்கு நாள் குறிச்சிட்டுப் போனாரு.

இதுதாங்க அவன் சொன்ன பொய். ஒரே ஒரு பொய். ஆனா அதைச் சொன்ன பெறகு அவனால கண்டிக்குப் போக முடியல. ஒருத்தனை ஒரு தடவை வயரு அடிக்கலாம், மாசா மாசமா அடிக்கும்? காதைச் சுட்டுக்கிட்டு வந்து நின்னா என்ன சொல்லுவான்? வடிவு சண்டை போட்டா. "கல்யாணம் முடியட்டும்" அப்படின்னான். கல்யாணம் முடிஞ்சுது. சம்பந்திங்க போக வர இருந்தாங்க. "மக அங்க காலு ஊனட்டும்." பெறகு மக முழுகாம இருந்தா. "இப்ப போய் ஏதாச்சும் பேச்சு வந்தா அவளைத்தான் குத்துவாங்க." மொகம் தொடச்சு வச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு, அதைக் கண்ணாடியில பாத்துப் பாத்துத் தன்னையே ஏமாத்திக்கிட்டான். காதைக் கம்பளித் தொப்பியால மூடிக்கிட்டான். நம்ம குளுருக்குத் தொப்பி போட்டவனை யாரு என்னன்னு கேப்பா?

ரெண்டு வருசம். காது விளிம்பு புண்ணாச்சு, தலகாணியில ரத்தம், கழுத்தில ஒரு கட்டி. அதுக்கப்புறம்தான் வடிவு அழுது இழுத்துக்கிட்டுப் போனா.

"ஏன் ஐயா வரேல்லை?" அப்படின்னு டாக்டரம்மா கேட்டாங்க. அவன் தொப்பியைக் கழட்டிக் காதைக் காட்டினான். அவங்க கழுத்துக் கட்டியைத் தடவிப் பாத்தாங்க. "இனி இந்த மெசின் போதாது. கொழும்புக்குக் கடிதம் தாறன். வெட்டி, பிறகு கரண்ட் பிடிக்க வேணும்."

அந்த வார்த்தையைக் கேட்டு அவன் சிரிச்சானாம். வடிவுதான் இதைச் சொன்னா.

அப்பவும் கடிதத்தைப் பொட்டிக்குள்ள வச்சுக்கிட்டு ஒரு மாசம் ஒக்காந்திருந்தான். மக தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தா, எட்டு மாசம். தொப்பியை மீறி வாடை வந்துச்சு. அவளே ஒரு நா தொப்பியை இழுத்துட்டா. பாத்துட்டு அழல, கோவத்தில கத்தினா.

"இதுக்கு நான் கட்டாமலே இருந்திருப்பேனேப்பா!"

"கட்டி வச்சாச்சு, இப்ப சொல்லு" அப்படின்னான்.

அவ கத்தினது லயம் முழுக்கக் கேட்டுச்சு. மறு வாரம் பொன்னையா பழப்பையோட வந்தாரு, காதை ஒரு பார்வை பாத்தாரு. "வயரு அடிச்சதுன்னீங்களே" அப்படின்னு மட்டும் சொன்னாரு. போகும்போது வாசல்ல நின்னு, "புள்ள பொறக்கட்டும், மத்ததைப் பெறகு பேசுவோம்" அப்படின்னாரு. என்னத்தைப் பேசப் போறாங்கன்னு யாருக்கும் தெரியல. எதுக்காகப் பொய் சொன்னானோ அதுவும் அவன் கையை விட்டுப் போயிருச்சு.

அதுக்கு அடுத்த நா காலையில உடுத்துற சாரம் ரெண்டு, குளிக்கிற சவுக்காரம், கொழும்புக் கடிதம், எல்லாத்தையும் ஒரு பையில போட்டான். வடிவும் சேலையை மாத்திக்கிட்டு வந்து நின்னா.

"நீ எங்க வர்ற? மகளைப் பாரு."

"ஒங்களை யாருங்க பாப்பாங்க?"

"ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. அங்க இருக்கிறவங்க எல்லாம் என்னைய மாதிரிதான் வெந்து போய்க் கெடப்பாங்க. யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க, வடிவு. அதுவே போதும்."

மக உள்ள தூங்கிக்கிட்டிருந்தா. எழுப்ப வேணாம்னு கையைக் காட்டினான். குனிஞ்சு நெலையைத் தாண்டினான், பனியில எறங்கினான், கதவைச் சாத்தாமலே போனான். குளுரு உள்ள வந்துச்சு. வடிவும் அதைச் சாத்தல.