மூடிப் பிடிக்காத கை

சிவப்புப் பொத்தான் இரண்டு, வெள்ளைப் பொத்தான் இரண்டு. பிள்ளைகளுக்கு இரத்தம் ஏற்றும் வார்டில் இருந்த தாதியின் சட்டைப் பையில் எப்போதும் கிடந்தவை. அவரை எல்லோரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். தலசீமியா என்ற இரத்த நோய் ஏன் வந்தது என்று கேட்கும் பிள்ளைக்கும் தாய் தகப்பனுக்கும் அந்தப் பொத்தான்களை வைத்துத்தான் விளங்கப்படுத்துவார். தாய் ஒரு கையில் சிவப்பையும் மறு கையில் வெள்ளையையும் மூடிப் பிடிக்க வேண்டும். தகப்பனும் அப்படியே. பிள்ளை பார்க்காமல் ஒவ்வொருவரிடமும் ஒன்று எடுக்கும். வெள்ளைதான் குறை; இரண்டும் வெள்ளையாக வந்தால் பிள்ளைக்கு அந்த வருத்தம். "ஒருதரும் பிழை செய்யேல்ல, கண்டியளோ. பாத்து எடுக்க ஏலாது" என்பார்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. மாதாமாதம் உடையார்கட்டிலிருந்து பஸ்ஸில் கொண்டுபோவோம். மனைவி கைகளை நீட்டினார். நான் நீட்டவில்லை. "எங்கட பக்கத்தில இப்பிடி ஒருதரும் இல்லை" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் இரத்தத்திலும் அந்தக் குறை இருக்கிறது என்று அன்று காலைதான் மிஸ் என்னிடம் தனியே சொல்லியிருந்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சரி, இண்டைக்கு நான்தான் அப்பா" என்று தன் கைகளை நீட்டினார். "மீசை இல்லாத அப்பா!" என்று மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மனைவி கேட்டார்: "உங்கட சோதனை என்னவாம்?"

"ஒண்டுமில்லையாம்."

அந்தப் பொய்யோடு ஏழு வருடம் இருந்தேன். என் தமக்கை, பிள்ளையின் வருத்தத்துக்கு என் மனைவியின் வீட்டாரைக் குறை சொல்லும்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதை மறைத்து என்ன? வெள்ளிக்கிழமைகளில் மனைவி விரதமிருந்து, "என்ர வயித்தில வந்ததாலதானே பிள்ளைக்கு இப்பிடி" என்று அம்மன் முன் அழுவார். நான் திருநீறு பூசிக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

மிஸ் மாற்றலாகிப் போகும்போது, "ஐயா, அதை நீங்கள்தான் சொல்லவேணும்" என்றார். தலையாட்டினேன். அவ்வளவுதான்.

போன மாதம், மகளின் கையில் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது அவளிடம் அதைச் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"தெரியும் அப்பா. ரெண்டு பேரிட்டயும் இருந்தாத்தானே வரும். அம்மாவுக்கும் தெரியும். நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறா."

வீட்டுக்கு வந்தபோது மனைவி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன்.

"இஞ்சேரும். என்ர இரத்தத்திலயும் இருக்கு."

திருவும் சத்தம் நின்றது.

"ஓம்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் திருவும் சத்தம் மறுபடி கேட்டது.