மாஷா அல்லாஹ் சொல்லாத வாய்

தண்டையார்பேட்டையில் ஜஹானாரா நடத்தும் மெஸ்ஸுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் கன்டெய்னர் யார்டில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். டிரெய்லர் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் சந்துக்குள் திரும்ப வேண்டும். எந்த வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசனை வருகிறதோ அங்கே நுழைந்துவிட வேண்டும். முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இடத்தில் இரண்டு பெஞ்சு. பின்னால் ஒரே அறை. சமையலும் அதில்தான், குடித்தனமும் அதில்தான். மழைக்காலத்தில் எந்தப் பாத்திரத்தை எந்த ஒழுகலுக்குக் கீழே வைப்பது என்று அவளுக்கு மனப்பாடம்.

நான் யார்டுக்கு எதிரே லாரி புக்கிங் ஆபீசில் இருப்பவன். மதியச் சாப்பாடு அவளிடம்தான். அந்த உரிமையில் சொல்கிறேன், அவளைப் போல் அள்ளிப் போடுகிற கையையும் நான் பார்த்ததில்லை, அவளைப் போல் எரிகிற வயிற்றையும் பார்த்ததில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்குமா என்றால் இருக்கும். எதிர்வீட்டுக்காரி புது மிக்ஸி வாங்கினால் அன்றைக்கு ரசத்தில் உப்பு கூடிவிடும். அதை மறைக்கவும் மாட்டாள். "வவுறு எரியுதுப்பா, இன்னா செய்யச் சொல்ற?" என்று கேட்டுவிட்டு, தட்டில் இன்னொரு அப்பளம் வைப்பாள்.

இந்த எரிச்சலுக்கு ஒரு வேர் உண்டு. அவள் புருஷன் ரஷீது கல்யாணமான புதிதில் சவுதிக்குப் போனவர். இளமையெல்லாம் அங்கேதான் போயிற்று. சம்பாதித்ததை மாதாமாதம் ஊரிலிருந்த அண்ணனுக்கு அனுப்பினார். அண்ணன் மீஞ்சூரில் இடம் வாங்கி மாடிவீடு கட்டினார், தன் பெயரிலேயே. ரஷீது திரும்பி வந்தபோது அந்த வீட்டில் அவருக்கு ஒரு ஃபேனைக்கூட உரிமையோடு போட முடியவில்லை. இப்போது காசிமேட்டில் மீன் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பெருநாளுக்கு இருவரும் மீஞ்சூர் போவார்கள். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் கோப்பையில் அண்ணி டீ கொடுப்பாள். தன் புருஷன் வேர்வையில் எழுந்த வீட்டில் விருந்தாளிக் கோப்பையில் டீ குடிப்பது ஜஹானாராவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவள் கண்ணெதிரேதான் தஹ்சீன் வீடு கட்டினான்.

தஹ்சீன் பீகாரில் கடிஹார் பக்கம், ஆற்றோரத்துக் கிராமத்துக்காரன். யார்டில் சரக்கு இறக்கும் வேலை. வந்த புதிதில் ரசத்தை டீ போல ஊதி ஊதிக் குடித்தான். போகப் போக எங்கள் பாஷையையும் யார்டிலேயே கற்றுக்கொண்டான். ஜஹானாராவை "காலா" என்று கூப்பிடுவான், சின்னம்மா முறை. அவனோடு அதே ஊரிலிருந்து ஜுபைர் என்ற தோஸ்தும் வந்திருந்தான்.

மதியம் தட்டு வந்ததும் தஹ்சீன் செல்போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்து வைத்து வீடியோவில் பெண்டாட்டியைக் கூப்பிடுவான். அவள் பெயர் அனம். சின்னப் பெண், நெற்றிவரை முக்காடு. அவன் சாப்பிடச் சாப்பிட அவள் வீட்டைக் காட்டுவாள். முதலில் வெறும் கடைக்கால். பிறகு செங்கல். பிறகு ஜன்னலுக்கு மேல்மட்டம். அவன் அனுப்புகிற காசு நேராக அனம் கணக்குக்குப் போகும், மேஸ்திரியோடு சண்டை போடுவதும் அவள்தான், பத்திரமும் அவள் பெயரில்தான். இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்ட அன்று ஜஹானாரா சோற்றுக் கரண்டியை அண்டாவுக்குள்ளேயே போட்டுவிட்டாள்.

"அவ பேர்லயா? உங்க அண்ணன் தம்பி யாரும் கேக்கலியா?"

"கேட்டாங்கோ காலா. நான்தான் அவ பேர்ல போட்டேன். வூட்ல கீறது அவதான?"

ஜஹானாரா வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ரஷீதைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் பீடியை அணைத்துவிட்டு ஆட்டோவைப் பார்க்கப் போய்விட்டார்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவருடைய நல்லது எதையாவது பார்த்தால், குழந்தையோ, நகையோ, வீடோ, உடனே "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட வேண்டும். இறைவன் நாடியது நடந்தது என்று பொருள். சொல்லிவிட்டால் பார்த்த கண் படாது. சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு பார்ப்பது பாதிப் பகை. தஹ்சீன் ஊரிலும் இதே வழக்கம்தான். அதனால் அவன் வீட்டைக் காட்டும்போதெல்லாம் பெஞ்சில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சொல்வார்கள். நானே சொல்வேன், எனக்கு அந்த மதம் இல்லாவிட்டாலும். ஜஹானாரா மட்டும் சொல்ல மாட்டாள். செல்போனை அவள் பக்கம் திருப்பினால் உற்றுப் பார்ப்பாள், ஜன்னல் கம்பியின் டிசைன் வரைக்கும் பார்ப்பாள். பிறகு, "நல்லா கீது. ஐயோ, குழம்பு அடி புடிக்குது" என்று உள்ளே ஓடிவிடுவாள். தஹ்சீன் செல்போனைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்பான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நிற்கிறான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வீடு வளர்ந்ததோடு அந்தக் கிராமமும் செல்போனுக்குள் மாறிக்கொண்டே வந்தது. தகரக் கூரைகளுக்கு நடுவே சிமென்ட் வீடுகள் முளைத்தன. எந்த வீட்டுப் பையன் வெளியூரில் இருக்கிறான், எந்த வீட்டுப் பையன் இல்லை என்பதைச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிள்ளைகள் வேனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனார்கள். பொம்பளைகள் தாங்களே பேங்குக்குப் போனார்கள். பள்ளிவாசல் தரைக்கு டைல்ஸ் வந்தது. ஆனால் ஒரு பெரியவர் இறந்தபோது ஜனாஸாவைத் தூக்க ஊரில் தோள் போதவில்லை, பக்கத்து ஊரிலிருந்து ஆள் கூப்பிட்டார்களாம். அனம் அதைச் சொன்ன அன்று தஹ்சீன் சரியாகச் சாப்பிடவில்லை. ஜஹானாரா காதில் அது விழவே இல்லை. அவள் அனம் வீட்டுச் சமையலறைக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழா தொறந்தா தண்ணி வருதுடி ரஷீதுக்கு வாழ்க்கப்பட்டவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனாள்.

முன்புறப் போர்டிகோவுக்குத் தளம் போட்டாயிற்று. அது முடிந்தால் வீடு முடிந்தது, தஹ்சீன் மூட்டை கட்டிவிடலாம். ஊரிலேயே சின்னதாக ஒரு சிமென்ட் கடை வைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தளத்தைக் காட்டிய அன்று ஜஹானாரா வழக்கத்துக்கு மாறாக உள்ளே ஓடவில்லை. நின்று நிதானமாகப் பார்த்தாள்.

"கொடுத்து வச்சவ" என்றாள். அவ்வளவுதான்.

அந்த வாரமே தளம் இடிந்து விழுந்தது.

மதியம் தட்டில் கை வைக்கும் நேரத்துக்கு அனம் கூப்பிட்டாள். அழுகையில் பேச்சே வரவில்லை. விழுந்தபோது கீழே யாரும் இல்லை, அதுவரைக்கும் நல்லது. ஊரில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் வேலை நடக்கிறது, தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகையோ ஒரு மேஸ்திரியிடம்தான் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார் என்று சிமென்ட் இறுகும் முன்பே மேஸ்திரி பலகையைப் பிரித்துவிட்டான். காரணம் இவ்வளவு தெளிவாக இருந்தது. ஜுபைர் எங்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கியும் சொன்னான்.

ஆனால் ஜஹானாரா முகத்தில் ரத்தமே இல்லை. அவளுக்குக் காரணம் வேறு. தன் கண்தான் அந்தத் தளத்தைத் தள்ளியது என்று முடிவே கட்டிவிட்டாள். மீஞ்சூர் வீட்டைப் பார்த்து இத்தனை வருஷமாக எரிந்த எரிச்சலெல்லாம் ஆள் மாறி ஒரு சின்னப் பெண் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்தாள். அன்று யாருக்கும் இரண்டாம் சோறு கேட்கத் தைரியம் வரவில்லை.

"இன்னும் ஒரு வருஷம் இங்கயே கெடக்கணும் காலா" என்று தஹ்சீன் கை கழுவும்போது சொன்னான். அவள் மழையில்லாத நாளில் ஒரு பாத்திரத்தை எடுத்து ஒழுகலுக்குக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து பையன்கள் வந்து உட்கார்ந்தபோது பெஞ்சு நடுவில் சாம்பிராணிச் சட்டி இருந்தது, தணல் கனகனவென்று. பக்கத்தில் கல்லுப்பு, காய்ந்த மிளகாய்.

"போன் போடு அவளுக்கு" என்றாள் ஜஹானாரா. "சுத்திப் போடணும்."

"வூடு அங்க கீது, நீ இங்க சுத்துனா?" என்றார் ரஷீது. "பள்ளிவாசல் ஹஜ்ரத் கேட்டா திட்டுவாரு."

"ஹஜ்ரத்து வூட்டு வாசல்ல எலுமிச்சம்பழம் தொங்குது, நான் கேட்டனா? நீங்க கம்முனு இருங்க."

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுற்றிப் போட்ட மிளகாயைத் தணலில் போட்டால் நெடி ஏறி எல்லோரும் இருமினால் கண் எதுவும் படவில்லை என்று அர்த்தம். மிளகாய் கருகியும் நெடி வரவில்லை என்றால் கண் பட்டிருக்கிறது. இதுவும் இரண்டு ஊருக்கும் பொது. அதனால் ஜஹானாரா சுற்றிப் போடுவதாகச் சொன்னாலும் உண்மையில் தனக்கே தீர்ப்புக் கேட்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது.

அனம் செல்போனில் இடிந்த தளத்துக்கு முன்னால் நின்றாள். ஜஹானாரா உப்பையும் மிளகாயையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜக்கில் சாய்ந்திருந்த செல்போனைச் சுற்றினாள். "ஊரு கண்ணு, ஒறவு கண்ணு" என்று ஆரம்பித்து, குரலை இறக்கி, "ஜஹானாரா கண்ணு" என்று முடித்தாள். எங்களுக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்தாள். கேட்டது. தணலில் கொட்டினாள்.

இரண்டு நொடிதான். தஹ்சீன் முதலில் தும்மினான். பிறகு ஜுபைர், பிறகு நான், பிறகு பெஞ்சு முழுக்க. ரஷீது பனியனால் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்துக்கு ஓடினார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட ஜஹானாரா இருமிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"என் கண்ணு இல்லடா! தஹ்சீனு, என் கண்ணு இல்ல! நாந்தான்னு நெனச்சு செத்தே பூட்டேன்!"

இரண்டு வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த ரகசியத்தை அவளே சந்துக்குக் கேட்கும்படி போட்டு உடைத்துவிட்டாள். தஹ்சீன் அதற்குச் சிரிக்கத்தான் வாயெடுத்தான். அதற்குள் செல்போனிலிருந்து அனம் தன் பாஷையில் என்னவோ சொன்னாள். நீளமாக, நிறுத்தாமல், கீழே பார்த்துக்கொண்டே சொன்னாள். தஹ்சீன் முகம் மாறியது.

"இன்னாவாம்?" என்றாள் ஜஹானாரா.

"ஒண்ணும் இல்ல காலா."

"ஒண்ணும் இல்லாததுக்கா இவ்ளோ பேசுனா? ஜுபைரு, நீ சொல்லு."

ஜுபைர் தஹ்சீனைப் பார்த்தான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "உங்களுக்கும் சுத்திப் போடணுமாம் காலா. அவ கண்ணு உங்க மேல கீதாம்."

"என் மேலயா? எங்கிட்ட இன்னா கீது? ஓட்ட ஷீட்டா?"

"தெனம் அவரு தட்டுல நீங்க சோறு போடறத பாக்கறாளாம். அவரு சுடச்சுட துன்றத பாக்கறாளாம். அவ கையால ஒரு வாய் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சாம். நீங்க மீன் வக்கிறப்ப ஒரு நாளும் அவ மாஷா அல்லாஹ் சொன்னது இல்லியாம். வூடு வுழுந்ததுகூட பரவால்லியாம். இன்னும் ஒரு வருஷம் உங்க கையால துன்னுவாரேன்னுதான் அழுவுறாளாம்."

ஜஹானாரா தன் இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். கரிபிடித்த சுவர், குடம், ஓட்டை ஷீட், அண்டா. யாரோ வேறொருத்தியின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டவளைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"சுத்துடா" என்றாள்.

ஜுபைர் உப்பும் மிளகாயும் எடுத்து அவளைச் சுற்றினான். நாங்கள் எல்லோரும் துண்டாலும் சட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு தயாரானோம். தணலில் போட்டான். மிளகாய் உப்பியது, வெடித்தது, கருகியது. நான் மெதுவாகத் துண்டை இறக்கினேன். நெடி இல்லை. சந்துக்கு ஓடத் தயாராக நின்ற ரஷீதும் திரும்பி வந்தார். ஒருவரும் இருமவில்லை.

தணல் அவிந்திருக்கும் என்று நான் பிறகு பலமுறை சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கத் தயாராக இல்லை.

எல்லோரும் பயந்துபோய் ஜஹானாராவைப் பார்த்தோம். அவள் பயப்படவில்லை. இத்தனை நாளில் அவள் முகத்தில் நான் பார்க்காத ஒன்று அங்கே இருந்தது. பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். அவளைப் பார்த்தும் ஒருத்திக்கு வயிறு எரிகிறதே.

"வூட்ட காட்டச் சொல்லு" என்றாள். "மொத்தத்தயும்."

அனம் செல்போனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். ஜன்னல், கம்பி, சமையலறை, குழாய், கடைசியில் இடிந்த முகப்பு. ஜஹானாரா பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு வாய்விட்டு, அழுத்தமாகச் சொன்னாள்: "மாஷா அல்லாஹ்."

அந்தப் பக்கம் அனம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தஹ்சீன் இத்தனை நாள் காத்திருந்த சொல் கிடைத்துவிட்டதில் தலையைக் குனிந்துகொண்டான்.

ஜஹானாரா எழுந்தாள். கையைக் கழுவினாள். தஹ்சீன் தட்டில் சோறு போட்டு, அண்டாவைத் துழாவி நல்ல துண்டாக ஒரு வஞ்சிரத்தை எடுத்து வைத்து, குழம்பை ஊற்றினாள். ஆவி பறந்தது. செல்போனைத் தட்டு தெரிகிற மாதிரி கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள்.

அனம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தஹ்சீன் முதல் வாய் எடுத்தான். அனம் உதடு அசைந்தது போல்கூட இருந்தது. ஆனால் சொல்லவில்லை.