கை காட்டியவர்

துறைமுகத்தில் பொன்னுரங்கம் மூட்டை தூக்கியவர் இல்லை, கை காட்டியவர். கப்பலின் மேல்தட்டில் விஞ்சு என்கிற பாரம் தூக்கும் பொறியை ஓட்டுகிறவருக்கு, கப்பலை ஒட்டிக் கீழே சரக்கு இறங்கும் இடம் தெரியாது. கப்பல் விளிம்பில் நிற்பவர் உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்குவார், கை சட்டென்று உயர்ந்தால் அப்படியே நிறுத்துவார். உலகச் சண்டை முடிந்த பிறகு வந்த பர்மா அரிசியெல்லாம் இந்த மனிதரின் விரலைக் கேட்டுத்தான் மதராஸில் கால் வைத்தது. அந்தப் பெருமை தலைக்கு ஏறாமல் இருக்குமா? ராயபுரத்து வீட்டிலும் அதே கைதான். குழம்பை எப்போது இறக்குவது, கதவை எப்போது சாத்துவது, எல்லாம் அவர் காட்ட வேண்டும். "இங்க இன்னா கப்பலா நிக்குது?" என்று கேட்டுக் கேட்டு மனைவி புஷ்பவல்லி அலுத்துப் போனாள்.

கண்ணில் புரை விழுந்ததும் மேஸ்திரி அவரைக் கிடங்கு வாசலில் கிழிந்த சாக்குத் தைக்க உட்கார வைத்தார். அவர் நின்ற இடத்தில் மகள் செல்லம்மாவின் புருஷன் வேலப்பன் நின்றான். மருமகன் மேல் பொறாமை என்று சொன்னால் அது பாவம். தான் பார்க்காமல் ஒரு மூட்டை பத்திரமாக இறங்கும் என்று அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் காலை, விளிம்பைத் தாண்டி வந்த மூட்டைக் கட்டு அவர் கண்ணுக்குச் சரிந்து தெரிந்தது. கட்டு சரியாகத்தான் இருந்தது, கோளாறு கண்ணில். ஊசியைப் போட்டுவிட்டு எழுந்தார், கை உயர்ந்தது. விஞ்சு ஓட்டிய ரஹீம் எத்தனையோ வருஷமாக அந்தக் கைக்குப் பழகியவர். பக்கத்தில் வேலப்பன் இறக்கச் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்க, தூரத்தில் கிடங்கு வாசலில் தெரிந்த பழைய கையைப் பார்த்துப் பட்டென்று நிறுத்திவிட்டார். கட்டு ஊசலாடித் திரும்பி வந்து வேலப்பனின் தோளில் மோதியது. காறை எலும்பு முறிந்தது. கப்பலின் உள்பக்கமாக விழுந்ததால் உயிர் மிஞ்சியது.

சாயங்காலம் ரஹீம் வீட்டுக்கு வந்து தலை குனிந்து உட்கார்ந்தார். "உன் கைய பாத்தா என் கை தானா நின்னுடுது, தோஸ்து. யோசிக்கவே வுடமாட்டேங்குது. நீ சாக்கு தை, வாணான்னு சொல்லல. அந்தக் கைய மட்டும் தூக்காத."

செல்லம்மா அப்பனின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அவுரு திரும்ப வேலைக்குப் போவசொல்ல நீ அங்க குந்திகினு இருந்தா, நான் வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு இருக்கணும், நைனா. இன்னொரு தபா நீ கை தூக்குனேன்னா என் தாலி போயிடும்."

வேலையை விட்டுவிடவும் வழியில்லை. மருமகன் எழும் வரை அடுப்பு எரிவது இந்தச் சாக்கை வைத்துத்தான். முதலில் கப்பலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தார். விஞ்சுச் சங்கிலி கடகடத்ததும் கழுத்து தானாகத் திரும்பியது. வேறு வழி தெரியாமல் ஊசியைப் பார்த்தார். ஊசி சாக்கில் இறங்குவது, சணல் நூல் கரகரவென்று இழுபடுவது, விரலில் ஒட்டும் தூசி. சங்கிலி சத்தம் கேட்டதும் மனசு கப்பல் ஏறிவிடும். ஊசிக்கு இழுத்து வருவார். மறுபடி ஏறும். மறுபடி இழுப்பார். ஞானம் ஒன்றும் வரவில்லை, இடுப்பு வலிதான் வந்தது. மூட்டை சுமந்திருந்தால்கூட இவ்வளவு களைத்திருக்க மாட்டார். வீட்டில் ஒரு நாள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார், குழம்பு அடிபிடித்தது. அதையும் ஊற்றிச் சாப்பிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை.

எலும்பு கூடி வேலப்பன் மறுபடி விளிம்பில் ஏறிய அன்று, முதல் சங்கிலி ஓடியதும் பொன்னுரங்கத்தின் தோள் துடித்தது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அங்கே ஆடிக்கொண்டிருப்பது தன் மகளின் வாழ்க்கை. பிடியை மெல்ல விட்டு ஊசியை எடுத்தார். ஒரு தையல். அடுத்த தையல். குனிந்த தலை நிமிரவில்லை.

மத்தியானம் வேலப்பன் தூக்குச் சட்டியோடு கிடங்கு நிழலில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "மாமா, நான் எறக்குனத பாத்தியா? ஒரு மூட்டகூட ஒரசல."

"பாக்கல, மாப்ளே."

அவன் முகம் சுருங்கிவிட்டது. காலையெல்லாம் இவர் பார்ப்பார் என்றுதான் அவன் அத்தனை பதவிசாகக் காட்டியிருக்கிறான். பொன்னுரங்கத்துக்கு அது அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு பாடுபட்டுப் பார்க்காமல் இருந்தோம் என்று சொல்லிப் புரியவைக்க உடம்பில் தெம்பில்லை.

"எப்டி எறக்குனே? நீ சொல்லு" என்றார்.

வேலப்பன் அவரை ஒரு கணம் ஆச்சரியமாகப் பார்த்தான். பிறகு சோற்றுக் கையாலேயே காட்ட ஆரம்பித்தான். இறக்கும்போது விரல்களை விரித்தான். பொன்னுரங்கம் அப்படிக் காட்டியதே இல்லை, சேர்த்துத்தான் பிடிப்பார். தப்பு என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் ஒரு கவளம் சோற்றை வாயில் போட்டு, மென்றுகொண்டே அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.