டைமர் சரி, மோட்டர் சரி

1999 டிசம்பர் 14, செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்கு மட்டக்களப்பு நகரில் இருந்த என் திருத்தகத்தைத் திறந்தேன். கதவடியில் ஊறிய மழைத் தண்ணீரைத் துடைத்தேன். வழக்கம்போல் அன்றைய வேலைகளைக் கொப்பியில் எழுதினேன்: மேசை விசிறி இரண்டு, றேடியோ ஒன்று, துணி காயவைக்கும் மெசின் ஒன்று.

அந்த மெசின் காத்தான்குடி பாத்தும்மா ராத்தாவுடையது. சவூதியில் வேலை செய்த மகன் கொண்டுவந்தது. அவருடைய கணவர் பாரிசவாதத்தில் படுக்கையில் கிடந்தார். மாரி மழையில் விரிப்புகள் காயவில்லை. மெசினுக்குள் துணி சுழலும் டிரம்மை மோட்டரோடு இணைக்கும் ரப்பர் பெல்ட் அறுந்திருந்தது. அது இங்கே கிடைக்காது. கொழும்புக்கு வேன் ஓட்டும் சிவலிங்கம் அண்ணனிடம், வாங்கி வரும்படி ஒரு துண்டுக் கடுதாசி எழுதிக் கொடுத்திருந்தேன்.

ஒன்பதரை மணிக்கு, கொழும்பிலிருந்து திரும்பிய அந்த வேனில் வந்த ஆசிரியை ஒருவர் கடைக்குள் ஓடி வந்தார்.

"தம்பி, சிவலிங்கத்தாரை ஆமிச் சென்றிச் சாவடியில இறக்கிப்போட்டாங்க. பொக்கற்றுக்குள்ள கிடந்த கடுதாசிதான் வினை. ஆரு எழுதினதெண்டு கேட்டு அடிச்சும் போட்டாங்க. மனிசன் வாயே திறக்கல்ல. எழுத்தைப் பார்த்தன், நீங்க எனக்கு எழுதித் தந்த பில்லில உள்ள எழுத்து மாதிரிக் கிடந்திச்சு."

நான் எழுதிக் கொடுக்கும் எதற்கும் கொப்பியில் ஒரு பிரதி வைத்திருப்பேன். எடுத்து வாசித்தேன்: "டிரம் பெல்ட் ஒன்று. டைமர் சரி. மோட்டர் சரி. பெல்ட் வந்தவுடன் வேலை முடியும்."

தொழில் தெரிந்த எவரும் அதில் ஒரு பிழையும் காண மாட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் பெல்ட் என்ற சொல்லைக் கேட்டால், ஊரில் ஒருவருக்கும் ரப்பர் ஞாபகத்துக்கு வராது. இடுப்பில் குண்டு கட்டும் பெல்ட்தான் வரும். அதோடு நான் டைமரையும் சேர்த்து எழுதியிருந்தேன்.

கடையைப் பூட்டினேன். அடையாள அட்டையையும் அறுந்த பெல்ட்டையும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் சோதனைச் சாவடிக்குப் போனேன். மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் சிவலிங்கம் அண்ணன் குந்தியிருந்தார். கீழுதடு வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும், முன்பின் தெரியாதவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கடுதாசி எழுதினது நான், சேர். உடுப்புக் காயவைக்கிற மெசினுக்குத்தான் இந்த பெல்ட்."

மேசைக்குப் பின்னால் இருந்த இராணுவ அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது. "உடுப்பு கயித்தில போடுறது. அதுக்கு மெசினா? பொய் சொல்ல வேணாம்."

அறுந்த பெல்ட்டையும் வேனில் அகப்பட்ட புதிய பெல்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அவர் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி. மெசின் காட்டு. வேலை செஞ்சா இவர் போகலாம். இல்லாட்டி ரெண்டு பேரும் வாறது."

எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுவந்தார்கள்.

மேல்தகடும் முன்தகடும் ஏற்கனவே கழற்றப்பட்டிருந்தன. டிரம்மைச் சற்றுத் தூக்கிப் பெல்ட்டைச் சுற்றிப் போட்டேன். கீழே கையை விட்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் இழுவைச் சில்லை ஒதுக்கி, பெல்ட்டை மோட்டர் கப்பியில் மாட்டினேன். இருபது நிமிட வேலை. கையால் டிரம்மைச் சுற்றிப் பார்த்தேன். பெல்ட் வழுக்கியது.

"சுத்தல்லயே," என்றார் அதிகாரி.

வரிப் பள்ளங்கள் உள்ள பக்கம் டிரம்மைத் தொட வேண்டும். நான் அதை வெளியே பார்க்கப் போட்டிருந்தேன். பதினாறு வருட வேலையில் அந்தப் பிழையை அதற்கு முன்பு நான் விட்டதில்லை.

"அவசரப்படாத தம்பி," என்று சிவலிங்கம் அண்ணன் மெதுவாகச் சொன்னார். "எனக்கு இண்டைக்கு வேற ஓட்டம் இல்ல."

கழற்றித் திருப்பிப் போட்டேன். தகடுகளைப் பூட்டினேன். பிளக்கைச் செருகி டைமரைத் திருப்பினேன். அது டிக் டிக் என்றது. வாசலில் நின்ற சிப்பாய் பாய்ந்து தெருவுக்கு இறங்கினான். அதிகாரியின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. நான் இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

"அதுதான் சேர் டைமர். எத்தனை நிமிசம் ஓட வேணுமெண்டு சொல்றது."

தொடக்கும் பொத்தானை முழங்கையால் அழுத்தினேன். டிரம் சுழன்றது.

அதிகாரி நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மழையில் நனைந்த தன் கைக்குட்டையை உள்ளே போடச் சொன்னார். பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தேன். அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். கடுதாசியைக் கிழித்தார். சிவலிங்கம் அண்ணனின் அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு குறிப்பை எழுதும்போது வாங்குகிறவனையும் விற்கிறவனையும் மட்டும் நினைக்காதீர்கள். நடுவில் அதைச் சுமந்து வருகிறவனையும் நினையுங்கள். பெயரை மட்டும் எழுதாமல், எந்த மெசினுக்கு, என்ன வேலைக்கு என்றும் எழுதுங்கள்.

15ஆம் திகதி காலை, கடை திறக்கும் முன் முதலில் சிவலிங்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் வேன் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ர பேரைச் சொல்லியிருந்தா உங்களுக்கு அந்த அடி விழுந்திருக்காதே அண்ணன்?"

"சொன்னா உன்னையும் அள்ளியிருப்பாங்க. மறுகா மெசினை ஆரு பூட்டிக் காட்டுற? நானா?" சிரிக்கப் போய் உதட்டைப் பிடித்துக்கொண்டார்.

அவர் வாளித் தண்ணீரைச் சில்லில் ஊற்றினார்.

"வியாழக்கிழமை கொழும்புக்குப் போறன். சாமான் ஏதும் வேணுமெண்டாச் சொல்லு. வாயால சொல்லு."

திருத்த வந்த ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்கு ரப்பர் வேண்டியிருந்தது. அளவோடு சொன்னேன். அவர் அதை இரண்டு தரம் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினார்.